கேட்ட பறவை கணக்கில் வருமா?

நாள் 1: குரூக்கட் ட்ரீ, பெலீஸ்

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. பார்த்த பறவையின் பெயரை அதில் எழுதி வைப்பேன். கண்ணால் பார்த்தால்தான் எழுதுவேன். குரல் மட்டும் கேட்டால் எழுத மாட்டேன். இருபது வருஷமாக இதுதான் வழக்கம். முதல் நாளே வழிகாட்டியோடு அதில் ஒரு சின்ன உரசல்.

ஹூஸ்டனில் மகள் வீட்டில் இரண்டு மாதமாகப் பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். "எத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கேம்மா, போய்ட்டு வா" என்று மகள்தான் டிக்கெட் போட்டாள். என் வீட்டுக்காரரும் கூட வந்தார். எனக்குப் பறவை, அவருக்குக் கல். பொதுப்பணித் துறையில் ஏரி, மதகு, கலிங்கு என்று முப்பது வருஷம் அலைந்தவர். "மாயன் கோயிலைக் காட்டினா வர்றேன். காலையில நாலு மணிக்கு எழுப்பினா வர மாட்டேன்" என்று முன்பே சொல்லிவிட்டார். அந்த இரண்டாவது நிபந்தனையை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

பெலீஸ் ரொம்பச் சின்ன நாடு. 1973 வரை பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் என்று பெயர், 1981இல் சுதந்திரம். ஆட்சிமொழி ஆங்கிலம். ஆனால் மக்கள் தங்களுக்குள் பேசும் கிரியோல், ஆங்கிலம் மாதிரியே காதில் விழுந்து ஒரு வார்த்தையும் புரியாமல் போகிறது. விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் குரூக்கட் ட்ரீ. சுற்றிலும் சதுப்பு ஏரிகள், நடுவே மேட்டில் கிராமம். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் மண்சாலைதான் ஊருக்கு வழி. இறங்கியதும் அவர் பறவையைப் பார்க்கவில்லை, அந்தச் சாலைக்கு அடியில் குழாய் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று குனிந்து பார்த்தார்.

ஊருக்குள் எங்கே திரும்பினாலும் முந்திரி மரம். நான் விருத்தாசலம் பக்கம் பிறந்தவள், அந்தப் பூ வாசனை போதும் எனக்கு. முந்திரியே இந்தக் கண்டத்துச் சொத்து, போர்த்துக்கீசியர்தான் நம் பக்கம் கொண்டுவந்தார்கள். இங்கே பழத்தில் ஒயின் போடுகிறார்கள். ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். தொண்டையில் அதே கரகரப்பு.

வழிகாட்டி இந்த ஊர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். தேங்காய்ப்பாலில் வெந்த சோறும் பீன்ஸும் கோழிக் குழம்பும் சாப்பிடும்போது கேட்டார்: "மேடம், கேட்ட பறவையையும் கணக்கில் சேர்ப்பீர்களா?" இல்லை என்றேன். "அப்படியானால் பாதிக் காட்டை ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போவீர்கள்" என்றார், சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று எப்படி எழுதுவது?

நாள் 2: ஏரி

காலை ஐந்தரைக்குப் படகு. அவர் வரவில்லை.

மார்ச் மாதம் வெயில் காலம். ஏரி சுருங்கச் சுருங்க மீன் ஒரே இடத்தில் சேரும், மீன் சேருகிற இடத்தில் பறவை சேரும். நம் ஊர்க் கண்மாய் வற்றும்போது நடப்பதேதான். 1984இல் இந்த இடத்தைச் சரணாலயமாக அறிவித்தார்கள். பெலீஸ் ஆடுபன் சங்கம் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு பார்த்துக்கொள்கிறது.

நான் வந்தது ஜபிருவுக்காக. ஏறக்குறைய ஐந்தடி உயர நாரை. உடம்பு முழுக்க வெள்ளை, தலையும் கழுத்தும் மயிரே இல்லாத கறுப்பு, கழுத்தின் அடியில் சிவப்புப் பட்டை. வெள்ளை வேட்டி சட்டை போட்ட கறுத்த பெரியவர் கழுத்தில் சிவப்புத் துண்டைச் சுற்றிக்கொண்டு வயலைப் பார்க்க வந்த மாதிரி, ஒன்று தனியாகச் சேற்றில் நின்றது. வழிகாட்டி படகை நிறுத்தினார். அது எங்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. அப்புறம் கண்டுகொள்ளவே இல்லை. பறக்கும்போது இறக்கை விரிப்பு எட்டடிக்கு மேல் போகுமாம். நாங்கள் இருந்த வரை அது பறக்கவில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது நத்தைப் பருந்து சாப்பிடுவதைப் பார்த்ததுதான். பத்தடி தூரத்தில் ஒரு பட்டுப்போன கிளை. பருந்து காலில் ஒரு ஆப்பிள் நத்தையைக் கொண்டுவந்து உட்கார்ந்தது. கோழிமுட்டையைவிடச் சற்று சின்ன ஓடு. அவசரமே இல்லை. ஓட்டைக் காலால் பிடித்து வாயைத் தன் பக்கம் திருப்பியது. மெல்லிசான, கொக்கி போல வளைந்த அலகை உள்ளே விட்டு, ஓட்டின் சுருளோடு சுருளாக நுழைத்து, உள்ளே ஓட்டோடு ஒட்டியிருக்கும் தசையை அறுத்தது. பிறகு ஒரு இழுப்பு. நத்தை முழுசாக வெளியே வந்தது. ஓடு ஒரு கீறல் இல்லாமல் தண்ணீரில் 'தொப்'. கிளைக்குக் கீழே இதே மாதிரி வெறும் ஓடுகள் ஒரு குவியல். நம் நத்தைக்குத்தி நாரை அலகில் இடைவெளி விட்டு இதே வேலையைச் செய்கிறது. உலகத்தின் அந்தக் கோடியிலும் இந்தக் கோடியிலும் நத்தைக்கு நிம்மதி இல்லை.

இலைக்கோழிகள் எக்கச்சக்கம். உட்கார்ந்தால் செம்பழுப்பு, இறக்கையைத் தூக்கினால் எலுமிச்சை மஞ்சள். பெண் ஒன்று, ஆண் நாலைந்து. முட்டையை அடைகாப்பது, குஞ்சை மேய்ப்பது எல்லாம் ஆண்களின் பொறுப்பு. மதியம் இதை அவரிடம் சொன்னேன். "அதான் நீ என்னை விட்டுட்டுப் படகில போனியா" என்றார்.

திரும்பும் வழியில்தான் அது நடந்தது. கோரைக்குள்ளிருந்து ஒரு நடுக்கமான குரல், மேலே தொடங்கிக் கீழே சரிந்து வந்தது. வழிகாட்டி உடனே கை தூக்கினார்: செம்பழுப்புக் காணாங்கோழி. நாற்பது நிமிஷம் உட்கார்ந்தோம். மூன்றடி தள்ளிக் கோரை அசைந்தது. மறுபடி அதே குரல். பறவை வரவே இல்லை. வழிகாட்டி தன் பட்டியலில் எழுதிக்கொண்டார், பக்கத்தில் 'கேட்டது' என்று ஒரு குறி. நான் எழுதவில்லை. ஆனால் ஏதோ தப்புச் செய்கிற மாதிரி இருந்தது.

நாள் 3: லமனாய்

உடம்பு அசதி, சுருக்கமாக எழுதுகிறேன்.

ஆரஞ்ச் வாக் ஊரிலிருந்து நியூ ரிவர் ஆற்றில் படகு. ஒன்றரை மணி நேரம் போய் ஏரியாக விரியும் இடத்தில் லமனாய். முழுகிக் கிடக்கும் முதலை என்று அர்த்தமாம். பல மாயன் நகரங்களைக் காடு விழுங்கிய பிறகும் இங்கே மக்கள் இருந்திருக்கிறார்கள். ஸ்பானியர் வந்து தேவாலயம் கட்டினார்கள், பிறகு பிரிட்டிஷ்காரர்கள் கரும்பாலை வைத்தார்கள். கரும்பாலையின் இரும்புச் சக்கரத்தை ஓர் அத்தி மரம் தன் வேருக்குள் வாங்கிக்கொண்டு நிற்கிறது. அவருக்கு இன்றைக்குத்தான் பயணமே தொடங்கியது. 33 மீட்டர் உயரக் கோயிலின் படியில் ஏறி, ஒவ்வொரு படியின் உயரத்தையும் சாணால் அளந்தார். "முட்டிக்கு மேல வருது, கட்டினவன் என்னை மாதிரி ஆளை நினைச்சுக் கட்டல" என்று உச்சியிலிருந்து கத்தினார்.

வழியில் வழிகாட்டி இயந்திரத்தை நிறுத்தி ஒரு மொட்டைக் கிளையைக் காட்டினார். கிளைதான் தெரிந்தது. "கிளை நுனியைப் பாருங்கள்" என்றார். நுனிதான் தெரிந்தது. ஐந்து நிமிஷம் கழித்து அந்த நுனி கண்ணைத் திறந்தது. போட்டூ. பகல் முழுக்க உடைந்த கிளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும், ராத்திரி பூச்சி பிடிக்கும். அதுவரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஆனால் பார்க்கவில்லை. இதை நோட்டில் எந்தக் கணக்கில் வைப்பது?

டூக்கனும் கிடைத்தது. பெலீஸின் தேசியப் பறவை. அலகில் பச்சை, ஆரஞ்சு, நீலம், நுனியில் சிவப்பு என்று ஒரு பெயின்ட் கடையே இருக்கும். ஊர்க்காரர்கள் 'பில் பேர்ட்', அலகுப் பறவை என்றே சொல்லிவிடுகிறார்கள். நம் இருவாச்சியைப் பார்த்த கண்ணுக்கு முதலில் சொந்தக்காரர் போலத் தோன்றும். சொந்தம் எதுவும் இல்லை, இது மரங்கொத்தி வகையறா.

நாள் 4: எல்லை

முழுநாளும் சாலை. பெங்கே வியேஹோவில் பெலீஸ் வழிகாட்டியிடம் விடைபெற்றோம். "காதை மறந்துவிடாதீர்கள்" என்றார். அந்தப் பக்கம் குவாத்தமாலா. பணத்தின் பெயரே கெட்சால், மாயன் அரசர்கள் தலையில் சூடிய பச்சை வால் சிறகுக்குச் சொந்தமான பறவை. எனக்கு அது இந்தப் பயணத்தில் ரூபாய் நோட்டில் மட்டும்தான். மலைமேல் முகில் மூடிய காட்டில் இருப்பது, நாங்கள் போகும் தாழ்வான காட்டுக்கு வராது.

இங்கே வழிகாட்டி ஒரு பெண், இருபத்தெட்டு இருக்கும். அவள் தாத்தா காட்டில் சிக்லே பால் எடுத்தவராம். சிக்லே என்பது சப்போட்டா மரத்தின் பால், ஒரு காலத்தில் சூயிங்கம் அதில்தான் செய்தார்கள். நம் தோட்டத்துச் சப்போட்டா இந்தக் காட்டு மரம்தான் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். நாங்கள் போகும் பழைய மாயன் நகரமான டிக்காலின் கோயில் வாசல்களுக்கு மேல் போட்ட உத்தரக் கட்டைகளும் சப்போட்டாதான். ஆயிரம் வருஷம் தாண்டியும் உளுக்கவில்லை. அவர் உடனே மரத்தின் அடர்த்தி பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

சாலையோரக் கடையில் மதிய உணவு. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்துக் கழுவி அரைத்த மாவு. ஒரு அம்மா உள்ளங்கையில் தட்டித் தட்டித் தோசைக்கல் போன்ற தட்டில் போட்டார். கறுப்பு பீன்ஸ், மிளகாய்த் துவையல். நான் நாலு தின்றேன்.

டிக்காலுக்குள் போனதும் ஒரு பிரம்மாண்ட மரம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது, கிளையெல்லாம் ஒட்டுச்செடிகள். சேபா, குவாத்தமாலாவின் தேசிய மரம். பாதாளத்தையும் பூமியையும் வானத்தையும் இணைக்கும் மரம் என்பது மாயன் நம்பிக்கை. காய்ந்த காய் ஒன்று கீழே கிடந்தது. பிரித்தேன். பஞ்சு. இலவம்பஞ்சு! சின்ன வயதில் அம்மா தலையணைக்கு அடைக்கும்போது வீடெல்லாம் பறக்குமே, அதே பஞ்சு. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவர், "கிளி எங்கே?" என்றார்.

ராத்திரி ஒன்பதரைக்கு விடுதியில் ஜெனரேட்டரை நிறுத்திவிடுகிறார்கள். முன்பதிவு செய்தபோது இதை யாரும் சொல்லவில்லை. கேமரா பாட்டரி பாதிதான் ஏறியிருக்கிறது. பதிவு போட வைஃபையும் இல்லை. நாளைக்குச் சேர்த்துப் போடுகிறேன்.

நாள் 5: நாலாம் கோயில்

நாலு மணிக்கு எழுப்பினேன். எழுந்தார்.

டார்ச் வெளிச்சத்தில் காட்டுக்குள் நடை. நாலாம் கோயில் சுமார் 65 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானமும் ஏறக்குறைய இதே உயரம், ஆனால் இது 741இல் கட்டியது, 250 வருஷத்துக்கு மேல் மூத்தது. பக்கவாட்டில் மரப்படி போட்டிருக்கிறார்கள். மேலே ஏறி உட்கார்ந்தபோது ஏற்கெனவே இருபது பேர். எல்லாரும் சூரிய உதயம் பார்க்க வந்தவர்கள்.

சூரியன் வரவில்லை. ஐந்தரைக்குப் பனிமூட்டம் கறுப்பிலிருந்து சாம்பலாக மாறியது, அவ்வளவுதான். எதிரே இருக்க வேண்டிய கோயில் உச்சிகள் எதுவும் இல்லை. என் பைனாகுலரில் உள்ளேயும் வெளியேயும் ஆவி படிந்து பால் கண்ணாடி ஆகிவிட்டது. துடைத்தால் மறுபடி படிகிறது. சிலர் முணுமுணுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

முதலில் குரங்கு. ஊளைக் குரங்கு என்று படித்திருக்கிறேன், ஊளை என்ற வார்த்தை போதாது. கோயில் தேர் நிலையை விட்டு நகரும்போது அச்சு முனகுமே, அந்த முனகலை நூறு மடங்காக்கிக்கொள்ளுங்கள். ஒரு கூட்டம் இடது பக்கம் ஆரம்பிக்க, இன்னொரு கூட்டம் வலது பக்கம் பதில் சொன்னது. அது ஓய்ந்ததும் வழிகாட்டி என் காதருகே சொல்ல ஆரம்பித்தாள், ஒவ்வொன்றாக, விரலால் திசை காட்டி. கீழே தவளை மாதிரி கரகரப்பது டூக்கன். வலது பக்கம் ஒரே சீராக 'கௌ, கௌ' என்று இறங்குவது டிரோகன், நம் தீக்காக்கையின் உறவு. தலைக்கு மேல் பனிக்குள் சண்டை போட்டுக்கொண்டு போவது கிளி, அதிலும் இரண்டு வகை, முதலில் போனது பெரியது. தூரத்தில் மனுஷன் அடிபட்டு 'ஆவ்' என்கிற மாதிரி ஒன்று கேட்டது. அது காட்டு வல்லூறு.

எனக்கு முதலில் எல்லாம் ஒரே இரைச்சல். பத்து நிமிஷம் கழித்து ஒன்று பிரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. சந்தைக்குள் நுழைந்ததும் வெறும் சத்தமாக இருந்தது, நின்று கேட்டால் கத்தரிக்காய்க்காரி குரலும் பூக்காரி குரலும் தனித்தனியாகத் தெரியுமே, அப்படி. அவள் பதினெட்டு வகை சொன்னாள். நான் கண்ணால் பார்த்தது சைபர்.

ஏழு மணிக்குப் பனி கலைந்தது. கீழே ஒரு மரத்தில் ஒரோபென்டோலா என்ற பறவையின் கூடுகள், தூக்கணாங்குருவிக் கூட்டை மூன்று நாலு மடங்கு நீட்டித் தொங்கவிட்ட மாதிரி. ஆண் கிளையில் நின்று தலையைக் கீழே கவிழ்க்கிறது, இறக்கையை விரிக்கிறது, மஞ்சள் வாலை மேலே தூக்குகிறது, விழுந்தேவிட்டது என்று நினைக்கும்போது காலால் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. அந்தக் கணத்தில் வாய் குறுகிய குடத்தைச் சட்டென்று கவிழ்த்த மாதிரி 'களகளகள' என்று ஒரு சத்தம். இந்தக் குரலைப் பனிக்குள் ஏற்கெனவே கேட்டிருந்தேன். பார்த்தபோது தெரிந்தவரைச் சந்தித்த மாதிரி இருந்தது.

வான்கோழியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உடம்பு வெண்கலமும் பச்சையும், வாலில் மயிலுக்கு உள்ளது போல நீலக் கண்கள், தலை நீல நிறம், அதன்மேல் ஆரஞ்சு மணிகளை ஒட்டிய மாதிரி கட்டிகள். இந்த வகை வான்கோழி யுக்கத்தான் தீபகற்பத்தையும் அதை ஒட்டிய பகுதியையும் தவிர உலகில் எங்கும் கிடையாது. அதைத் தேடிக் காட்டுக்குள் அலைய வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். வண்டி நிறுத்தும் இடத்தில் பேருந்துச் சக்கரத்தில் தன் நிழலைக் கொத்திக்கொண்டு நின்றது. இவ்வளவு எளிதில் கிடைத்ததாலேயே கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது, என்ன சொல்ல.

சாயங்காலம் திரும்பும்போது காட்டுக்குள்ளிருந்து ஒரு நீண்ட சீழ்க்கை. நடுங்கி, ஏறி, மெல்ல இறங்கி முடிந்தது. இன்னொரு பக்கத்திலிருந்து அதே போல். யாரோ ரொம்ப தூரத்தில் புல்லாங்குழல் பழகுகிற மாதிரி. "பெரிய டினமூ" என்றாள். கோழி மாதிரி தரையில் நடக்கும்; நெருப்புக்கோழிக்குத் தூரத்து உறவு; நீலப்பச்சையில் பீங்கான் மாதிரி பளபளக்கும் முட்டை. பழுப்பு நிறம், அசையாமல் நின்றால் சருகோடு சருகு. இருட்டும் வரை நின்றோம். நாலு தடவை கேட்டது. பார்க்கவில்லை.

நாள் 6: எறும்பும் குளமும்

காலையில் பாதையில் போய்க்கொண்டிருந்தவள் சட்டென்று நின்று காட்டுக்குள் திரும்பினாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஐம்பது அடி போனதும் சருகின்மேல் மழை பெய்கிற சத்தம். மழை இல்லை, படை எறும்பு. தரை முழுக்க ஒரு கறுப்புப் பாய் நகர்ந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் கரப்பான், சிலந்தி, வெட்டுக்கிளி எல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட, மேலே பறவைகள் வரிசையாகக் காத்திருந்தன. எறும்பை அவை சீண்டுவதில்லை. எறும்பு விரட்டும், இவை பிடிக்கும். செந்தொண்டை எறும்புச் சிட்டு வைத வசவைத்தான் அவள் பாதையிலிருந்து கேட்டிருக்கிறாள். மரத்தண்டில் ஏறும் செம்பழுப்புப் பறவை ஒன்று என் முழங்கால் உயரத்தில், கைக்கெட்டும் தூரத்தில். அமெரிக்காவின் கிழக்குக் காடுகளிலிருந்து வலசை வந்த மரப்பாடகன் ஒன்று, மார்பில் புள்ளி புள்ளியாக, ஓரமாக நின்று மீந்ததைப் பொறுக்கியது. அரை மணி நேரம் நான் மூச்சு விட்டேனா தெரியவில்லை. கால்சட்டைக்குள் நாலைந்து எறும்பு ஏறி என்னை வெளியே அனுப்பியது.

அவருக்கு இன்றைக்குக் குளம். டிக்காலில் ஆறே கிடையாது. பல்லாயிரம் பேர் வாழ்ந்த ஊர், மழைத்தண்ணீரை மட்டும் நம்பி. முற்றங்களுக்குக் காரை பூசி, சரிவு கொடுத்து, அத்தனை தண்ணீரையும் குளங்களுக்குத் திருப்பியிருக்கிறார்கள். ஒரு குளத்தில் தண்ணீரை வடிகட்டச் சியோலைட் என்ற தாதுவையும் படிக மணலையும் போட்டிருந்ததை 2020இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதை வழிகாட்டி சொன்னதிலிருந்து மனுஷனுக்குத் தரை தெரியவில்லை. வெறும் பள்ளமாகக் கிடந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, கரை இது, மதகு இங்கேதான் இருந்திருக்கும் என்று எனக்குப் பாடம் எடுத்தார். நானும் கேட்டேன். எறும்புப் பறவையை அவர் கேட்டுக்கொண்டார் இல்லையா.

மதியத்துக்கு மேல் ஆரஞ்சு மார்பு வல்லூறுக்காக ஒரு கோயில் அடியில் மூன்று மணி நேரம். 1988இல் பெரிகிரின் ஃபண்ட் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு இங்கே தொடங்கிய மாயா திட்டத்தில் இந்த வல்லூறு உட்படக் காட்டின் வேட்டைப் பறவைகளைத்தான் வருஷக் கணக்கில் ஆராய்ந்தார்கள். எங்களுக்கு வரவில்லை. "இலவு காத்த கிளி" என்று முந்தாநாளிலிருந்து சொல்லக் காத்திருந்ததை அவர் சொல்லி முடித்தார்.

ஐந்தரைக்கு மறுபடி அந்தச் சீழ்க்கை. நேற்றைவிட அருகில். வழிகாட்டியும் நானும் பாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். பைனாகுலரை எடுக்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டேன். ஏறியது, நடுங்கியது, இறங்கியது. இப்போது இடது பக்கத்துக்குப் பதில் பின்னாலிருந்து. நோட்டை எடுத்து, பென்சிலால், 'பெரிய டினமூ' என்று எழுதினேன். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'கேட்டது'. மேலே போய் முந்தாநாளுக்கும் முந்தைய பக்கத்தில் இடம் தேடிக் காணாங்கோழியையும் நுழைத்தேன்.

அவர் ஒதுங்கப் போயிருந்தவர் புதரை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஏங்க, சத்தம் போடாதீங்க" என்றேன்.

"இல்ல, சும்மாதான் கேக்கறேன்" என்றார். "அங்க ஒரு பழுப்புக் கோழி என் காலடியில குறுக்க போச்சு. நின்னு என்னைப் பார்த்துட்டு, ஒரு விசில் அடிச்சுட்டுப் போச்சு. அது என்ன கோழி?"